எலுமிச்சைக்கு முன், எலுமிச்சைக்குப் பின்: உமிழ்நீர்ச் சுரப்பியை ஸ்கேனில் அளப்பது எப்படி

முதன்முதலாக இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைச் செய்தபோது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று எலுமிச்சம்பழத்தை வெட்டித் தட்டில் வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே கூப்பிட்டேன். அவர் படுத்தார். தாடைக்குக் கீழே புரோபை (தோல்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை) வைத்து, சுரப்பிக்குப் போகும் தமனியில் ரத்த ஓட்டத்தை அளந்தேன். பிறகு நாக்கில் சாற்றை விட்டு மறுபடி அளந்தேன். எண்கள் அசையவே இல்லை. மெஷினில் கோளாறா, என் கையில் கோளாறா என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "உள்ள வரும்போதே வாசம் தூக்கிடுச்சுங்க. அப்பவே வாயெல்லாம் ஊறிப்போச்சு."

ஓய்வு நிலை என்று நான் குறித்து வைத்த எண் ஓய்வு நிலையே இல்லை. இந்தப் பரிசோதனையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்கேனில் எச்சில் தெரியாது. சாறு விடுவதற்கு முன்னால் ஒரு நிலை, விட்ட பின் ஒரு நிலை, இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் தெரியும். அதனால் 'முன்' என்பதைச் சுத்தமாக எடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஸ்கேன் எதைக் காட்டுகிறது

உமிழ்நீர் எவ்வளவு சுரக்கிறது என்று அறிய எளிய வழி, ஆளை உட்கார வைத்துக் குப்பியில் துப்பச் சொல்வது. ஆனால் அது வாய் முழுவதற்குமான மொத்தக் கணக்கு. எந்தச் சுரப்பி உழைத்தது, எது சும்மா இருந்தது என்று சொல்லாது. டெக்னீசியம் ஊசி போட்டுப் பார்க்கும் அணுக்கதிர் ஸ்கேன் சுரப்பி வாரியாகச் சொல்லும். ஆனால் நோயே இல்லாத ஒருவருக்கு எதற்குக் கதிர்வீச்சு? அல்ட்ராசவுண்டில் அந்தக் கவலை இல்லை. ஒரே ஆளை இன்று, நாளை, அடுத்த மாதம் என்று எத்தனை முறையும் பார்க்கலாம்.

அதில் கிடைப்பவை மூன்று: சுரப்பியின் அளவும் தோற்றமும், உமிழ்நீர் வெளியேறும் நாளத்தின் அகலம், சுரப்பிக்குள் பாயும் ரத்தம். முதலாவது சட்டென்று மாறாது. மற்ற இரண்டும் புளிப்பு பட்ட சில வினாடிகளிலேயே மாறத் தொடங்கும். அதனால் செயல்பாடு பற்றிய கேள்விக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

ரத்த ஓட்டம் ஏன் கூடுகிறது? உமிழ்நீருக்கு வேண்டிய தண்ணீர் ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். சுரக்கச் சொல்லும் அதே நரம்புகள் சுரப்பியின் சிறு தமனிகளையும் விரித்துவிடுகின்றன. பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 1858-இலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். தாடைச் சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டியதும், அங்கிருந்து திரும்பும் சிரை ரத்தம் கருமை மாறிப் பளிச்சென்று சிவந்தது. அத்தனை வேகத்தில், அத்தனை ரத்தம். அவர் நிறத்தில் பார்த்ததை நாம் டாப்ளரில், அதாவது ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் ஸ்கேன் முறையில் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

'ஆரோக்கியமான ஆள்' என்பது சொல்லுக்கு எளிது. மூக்கொழுகலுக்குப் போடும் அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை எல்லாமே வாயை உலர்த்தும். "ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "இந்த வாரம் என்னென்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேளுங்கள், அப்போதுதான் பதில் வரும். கழுத்திலோ முகத்திலோ கதிர் சிகிச்சை எடுத்தவர்கள், தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் சாப்பிட்டவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அந்த அயோடின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் போய்ச் சேரும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

வாய்ப்புண் இருந்தால் வேறொரு நாள் வரச் சொல்லுங்கள். புளிப்பு பட்டால் எரியும், எரிச்சலில் ஆள் நெளிவார், படம் போய்விடும்.

பரிசோதனைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, காபி, சூயிங்கம், புகை, பல் துலக்குவது எதுவும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். நேரமும் முக்கியம். உமிழ்நீர் தூக்கத்தில் அநேகமாக நின்றே போகும், பிற்பகலில் ஏறும். காலை எட்டு மணிக்கு ஒருவரையும் மாலை நான்கு மணிக்கு இன்னொருவரையும் பார்த்து ஒப்பிட்டால், ஆளை அல்ல, கடிகாரத்தைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள்.

வந்தவுடன் படுக்க வைக்க வேண்டாம். பத்து நிமிடம் உட்காரட்டும். பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோரும் அனுபவித்ததுதானே. அந்த நேரத்தில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிடலாம். 'உமிழ்நீர்' என்று புத்தகத் தமிழ் பேச வேண்டாம், 'வாயில ஊறுற தண்ணி' என்றால் யாருக்கும் புரியும். 'புளிப்பா கொஞ்சம் வாயில விடுவேன்' என்ற விஷயத்தை ஒப்புதலுக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வர்ணித்தால் அங்கேயே ஊற ஆரம்பித்துவிடும்.

மெஷினைத் தயார் செய்வது

லீனியர் புரோப், 7.5 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தச் சுரப்பிகள் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அதிர்வெண்ணை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டலாம். ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் போதும். ஃபோகஸ் சுரப்பியின் நடுவில் இருக்கட்டும்.

டாப்ளரில் வேக அளவை இறக்கி வையுங்கள், மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரையும் குறையுங்கள். கழுத்துத் தமனிக்கு வைத்த அமைப்பை அப்படியே விட்டால் சுரப்பிக்குள் ஒன்றும் ஓடாத மாதிரி தெரியும். ஒரு தடவை எல்லாவற்றையும் சரி செய்தபின் அந்த அமைப்புக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். முன்னும் பின்னும் கெயின் (வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) உட்பட எதையும் தொடக்கூடாது. சாறு விட்டபின் "இன்னும் கொஞ்சம் தெளிவா வரட்டும்" என்று கெயினை ஏற்றினால், ரத்தம் கூடியதா கெயின் கூடியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். புரோப் தோலில் அழுந்தக்கூடாது, ஜெல்மேல் மிதக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நாளம் உங்கள் கட்டைவிரல் அழுத்தத்துக்கே மூடிக்கொள்ளும். படத்தின் மேல் ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பட்டையாக ஜெல் தெரிந்தால் அழுத்தம் சரி என்று அர்த்தம்.

தாடைக்கீழ்ச் சுரப்பியிலிருந்து தொடங்குங்கள்

பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி: காதுக்கு முன்னால் பரோடிட், தாடைக்குக் கீழே சப்மாண்டிபுலர், நாக்குக்கு அடியில் சப்லிங்குவல். புதியவர் சப்மாண்டிபுலரில் தொடங்குவதே நல்லது. முழுச் சுரப்பியும் தெரியும், எல்லை தெளிவு, எலும்பு குறுக்கே நிற்காது. வாய் சும்மா இருக்கும்போது ஊறும் உமிழ்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் வேலைதான்.

ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே சின்னத் தலையணை கொடுத்து, முகவாயைத் தூக்கி மறுபக்கம் லேசாகத் திரும்பச் சொல்லுங்கள். தாடை எலும்பின் கீழ் விளிம்புக்கு இணையாகப் புரோபை வையுங்கள். பக்கத்துத் தசைகளைவிட வெளிறிய சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, ஏறக்குறைய முக்கோணமாகவோ முட்டையாகவோ ஒன்று தெரியும். அதுதான். முன்பின் நீளம் சுமார் 35 மி.மீ., ஆழம் சுமார் 14 மி.மீ. என்பது நடுத்தர அளவு. ஆளுக்கு ஆள் நிறையவே மாறும்.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும். இந்தக் கணக்கு சுரப்பியை முட்டை வடிவம் என்று வைத்துக்கொள்கிறது, சுரப்பியோ வாயின் தரையாக இருக்கும் மைலோஹையாய்டு தசையின் பின் விளிம்பைச் சுற்றி மடிந்து கிடக்கிறது. அதனால் இந்த எண்ணில் ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம்.

புரோபின் இரண்டு முனைகளும் தோலில் எங்கே இருக்கின்றன என்று அழியக்கூடிய பேனாவால் குறித்துவிடுங்கள். புளிப்பு பட்டதும் ஆள் முகத்தைச் சுளிப்பார், விழுங்குவார், புரோப் நகரும். குறி இருந்தால் அதே இடத்துக்குத் திரும்பலாம்.

இனி தமனி. முகத்தமனி இந்தச் சுரப்பியின் பின்பக்கமாக ஒரு பள்ளத்தில் வளைந்து வந்து, தாடை விளிம்பைத் தாண்டி முகத்துக்கு ஏறுகிறது. கலர் டாப்ளரைப் போட்டால் துடிப்பு தெரியும். தாடையைத் தாண்டிய பகுதியில் அளக்காதீர்கள், அது சுரப்பியைவிட முகத்தின் கதையையே அதிகம் சொல்லும். சுரப்பிக்குள்ளோ அதை ஒட்டியோ ஓடும் துண்டில், ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கேட் (வேகத்தை அளக்கும் சிறு சாளரம்) வைத்து, திரையில் வரும் வேக அலையைப் பதிவு செய்யுங்கள்.

அலையில் இரண்டு எண்கள் வேண்டும்: இதயம் சுருங்கும்போதான உச்ச வேகம், அடுத்த துடிப்புக்குச் சற்று முன் மிச்சமிருக்கும் கடைசி வேகம். உச்சத்திலிருந்து கடைசியைக் கழித்து, உச்சத்தால் வகுத்தால் வருவது ஆர்.ஐ. எனப்படும் தடைக்குறியீடு. கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு: ஓய்வில் உச்சம் வினாடிக்கு 40 செ.மீ., கடைசி 8 என்றால் ஆர்.ஐ. 0.80. சாறு விட்டபின் உச்சம் 60, கடைசி 24 என்றால் 0.60. ரத்தம் வேகமாகவும் வருகிறது, தடையும் குறைந்திருக்கிறது. ஆரோக்கியமான சுரப்பி இந்தத் திசையில்தான் நகரும்.

வேகத்தை அளக்கும்போது கோணம் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், 60 டிகிரியில் கோணத்தை 5 டிகிரி தப்பாக வைத்தாலே வேகம் ஏறக்குறைய 15 சதவீதம் பிசகும். 30 டிகிரியில் அதே தப்புக்கு 5 சதவீதம்தான் போகும். ஆர்.ஐ. ஒரு விகிதம் என்பதால் கோணத் தப்பு அதில் அடிபட்டுப் போகிறது. கை பழகும்வரை வேகத்தைவிட ஆர்.ஐ.-யை நம்பலாம் என்பது என் கருத்து.

மூன்று நல்ல துடிப்புகளை அளந்து சராசரி எடுங்கள். புரோபை எடுத்துவிட்டு, மறுபடி வைத்து, இன்னொரு தடவை அளங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சாறு விடும் கட்டத்துக்கே போக வேண்டாம். ஒன்றும் செய்யாமலேயே உங்கள் எண் இவ்வளவு ஆடுகிறது என்றால், சாறு செய்த மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நாளத்தைத் தேடுவது

வார்ட்டன் நாளம் சப்மாண்டிபுலரிலிருந்து கிளம்பி, வாயின் தரையில் முன்னோக்கி ஓடி, நாக்கின் அடியில் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு மடிப்புக்குப் பக்கத்தில் திறக்கிறது. நீளம் சுமார் 5 செ.மீ. ஓய்வில் பெரும்பாலும் கண்ணில் படாது. படவில்லை என்றால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுதாதீர்கள். பார்க்க முடியாததும் இல்லாததும் ஒன்றல்ல.

முகவாய்க்குக் கீழே புரோபைச் சாய்த்து வைத்தால் மைலோஹையாய்டுக்கு மேலே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். எது நாளம், எது நாக்குச் சிரை? கலரைப் போடுங்கள். நிறம் ஏறினால் ரத்தக் குழாய். ஏறாமல் கறுப்பாகவே இருந்தால், இரண்டு பக்கமும் பளிச்சென்று சுவர்க் கோடு இருந்தால், அது நாளம். 10 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமே சுமார் 0.15 மி.மீ. ஆகவே ஒரு மில்லிமீட்டர் நாளத்தில் 0.1 மி.மீ. வித்தியாசத்தைப் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி, சுவரின் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு அளங்கள். எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பதையும், தசை விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

இப்போது எலுமிச்சை

பழத்தை வேறு அறையில் பிழிந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மூடி வைத்திருங்கள். வாசனை முதலில் தட்டியெழுப்புவது தாடைக்கீழ்ச் சுரப்பியைத்தான். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்பதால், பலரை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் 2 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல் நல்லது. வைட்டமின் சி மாத்திரையை மெல்லக் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் மென்றால் தாடை ஆடும், புரோபும் ஆடும்.

அளவு 2 மில்லி. அப்படியே படுத்திருக்க, புரோபைக் குறியில் வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரை நாக்கின் ஓரத்தில் மெதுவாக விடச் சொல்லுங்கள். தனியாளாகச் செய்ய முயன்றால் ஒரு கை சிரிஞ்சில், ஒரு கை புரோபில், ஃப்ரீஸ் பொத்தானுக்குக் கை இருக்காது. தொண்டைக்கு நேராக விட்டால் புரையேறும், கவனம். "ஊறினதும் விழுங்கலாம், ஆனா விழுங்குறதுக்கு முன்னாடி விரலைத் தூக்கிக் காட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்த வினாடிகளை விட்டுவிட்டு அளக்கலாம்.

சாறு விட்ட கணத்தில் நேரத்தை ஓட விடுங்கள். 30 வினாடி, 1 நிமிடம், 2 நிமிடம், 5 நிமிடம் என்று ஒரே இடத்தில் அலையைப் பதிவு செய்யுங்கள். வீடியோவாகச் சேமித்துவிட்டு அளவுகளைப் பிறகு எடுப்பது இன்னும் நல்லது. முதல் நிமிடத்தில் கலர் புள்ளிகள் சுரப்பிக்குள் பூத்துக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள். முன்பு தெரியாத நாளம், யாரோ பேனாவால் கோடு இழுத்த மாதிரி கறுப்பாகத் திறக்கும், விழுங்கும்போது சற்று மெலியும், மறுபடி நிரம்பும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

மறுபக்கச் சுரப்பியைப் பார்ப்பதற்கு முன் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, பத்து நிமிடமாவது விடுங்கள். அலை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த சுற்று. வீட்டுக்குப் போனதும் உடனே பல் துலக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அமிலம் பட்ட எனாமல் கொஞ்ச நேரம் மிருதுவாக இருக்கும்.

பரோடிட்டில் என்ன வித்தியாசம்

படிகள் அதேதான். காதுக்கு முன்னால் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. சப்மாண்டிபுலரைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரியும், வயதும் உடல் எடையும் கூடக் கூட கொழுப்பு சேர்ந்து இன்னும் வெளிறும். ஆழ்ந்த பகுதியைத் தாடை எலும்பின் நிழல் மறைத்துவிடுவதால் முழுக் கனஅளவு கிடைக்காது.

சுரப்பிக்குள்ளேயே பயறு மாதிரி சின்ன நிணநீர் முடிச்சுகள் இருக்கும். நடுவில் வெளிறிய கோடு, நீள்வட்ட வடிவம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பரோடிட்டில் இவை இயல்பு, சப்மாண்டிபுலருக்கு உள்ளே இருக்காது.

ஸ்டென்சன் நாளத்துக்குக் காதின் முன் மடலிலிருந்து மேலுதட்டின் நடுவுக்கு ஒரு கோட்டை மனதில் போடுங்கள். அதன் நடு மூன்றிலொரு பகுதியில், மெல்லும் தசைக்கு மேலாக ஓடி, தசையின் முன் விளிம்பில் உள்ளே திரும்பி, மேல் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. பல்லைக் கடிக்கச் சொன்னால் தசை புடைத்து இடம் தெரியும். கன்னத்தை ஊதச் சொல்லாதீர்கள். காற்று நாளத்துக்குள் புகுந்து பளிச்சென்று புள்ளி புள்ளியாகத் தெரியும், கல் என்று நினைத்து நீங்களும் அலறி அவரையும் அலற வைப்பீர்கள். ஊதுகருவி வாசிப்பவர்களிடம் ஊதச் சொல்லாமலேயே இது இருக்கலாம்.

புளிப்பு பட்டால் மொத்த உமிழ்நீரில் பாதிக்கு மேல் பரோடிட் கொடுக்கும். அதனால் ஓய்வில் சோம்பலாகத் தெரிந்தாலும் சாறுக்குப் பின் நிலைமை மாறும். சப்லிங்குவலை முகவாய்க்கு அடியில் பார்க்க முடியும், ஆனால் செயல்பாட்டை அளக்க அது சரிப்படாது. விட்டுவிடுங்கள்.

எண்களைப் படிப்பது

ஸ்கேனோடு கூடவே உமிழ்நீரையும் அளங்கள், ஆனால் ஸ்கேனுக்கு முன்பே. தலையை முன்னால் சாய்த்து, எடை பார்த்து வைத்த குப்பியில் 5 நிமிடம் தானாக வழிய விடச் சொல்லுங்கள். ஒரு கிராமை ஒரு மில்லியாக எடுத்துக்கொள்ளலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லி என்பது பொதுவான சராசரி, 0.1-க்குக் கீழே போனால் குறைவு.

ஆரோக்கியமானவர்களிடையே எல்லா எண்ணும் அகலமாகப் பரவிக் கிடக்கும். ஒருவரின் ஓய்வு ஆர்.ஐ. இன்னொருவரின் சாறுக்குப் பிந்தைய ஆர்.ஐ.-க்குச் சமமாக இருப்பது சகஜம். அவரவருக்கு அவரவரே அளவுகோல். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள், முன்னையும் பின்னையும் ஒப்பிடுங்கள், அடுத்த வாரம் அதே நேரத்தில் வரச் சொல்லி அதையும் ஒப்பிடுங்கள். ரத்த ஓட்டம் கூடியதற்கும் குப்பியில் சேர்ந்த அளவுக்கும் நேர்க்கோட்டு உறவு இருந்தே தீரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒன்று ஒரு சுரப்பியின் தமனி, இன்னொன்று ஆறு பெரிய சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகளும் சேர்ந்த வாய்.

சில நேரம் ஆரோக்கியம் என்று வந்தவரிடம் ஏதாவது அகப்படும். நிழல் விழும் வெள்ளைப் புள்ளி என்றால் கல்லாக இருக்கலாம், பெரும்பாலான கற்கள் சப்மாண்டிபுலர் பக்கத்தில்தான் வரும். சுரப்பி முழுக்கக் கறுப்பு ஓட்டைகளாகத் தெரிந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருந்தால், படத்தைச் சேமியுங்கள். அவருக்குச் சாறு விட வேண்டாம். நாளத்தில் அடைப்பு இருந்து சுரப்பி சுரந்தால் வலி பிடுங்கிவிடும். "இங்க ஒண்ணு தெரியுது, டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே காரணத்தோடு கோடு போடுங்கள்.